டேட்டாபேஸ் தடுக்காத தப்புகள்: நோஎஸ்க்யூஎல் கோடில் கோளாறு தேடுவது எப்படி

போஸ்ட்கிரஸிலோ மைஎஸ்க்யூஎல்லிலோ ஒரு நெடுவரிசையின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டால் குவெரி ஓடவே ஓடாது, அப்படியொரு நெடுவரிசை இல்லை என்று அந்த இடத்திலேயே எர்ரர் வந்து நிற்கும். அதே தப்பை மாங்கோடிபியில் செய்து பாருங்கள். அது டேபிள் வரிசைகளுக்குப் பதில், ஃபீல்ட் பெயரும் மதிப்பும் சேர்ந்த டாக்குமென்ட்களாக டேட்டாவை வைக்கும் நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். தேடுகிற குவெரி என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற பதில் வரும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தது என்ற கணக்கில். அப்டேட் என்றால் இன்னும் மோசம்: தப்பாக எழுதிய பெயரிலேயே புதிதாக ஒரு ஃபீல்ட் உருவாகிவிடும், நாம் மாற்ற நினைத்த ஃபீல்ட் பழைய மதிப்போடு அப்படியே கிடக்கும். எர்ரர் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. ஒரு டாக்குமென்ட் அப்டேட் ஆனதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்டும் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் ஒரு டாக்குமென்ட் உண்மையிலேயே அப்டேட் ஆகியிருக்கிறது.

நோஎஸ்க்யூஎல், அதாவது ரிலேஷனல் அல்லாத, டேட்டாபேஸ்களோடு பேசும் நிரல்களில் மோசமான கோடைக் கண்டுபிடிப்பது ஏன் தனி வேலையாகிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். எட்கர் காட் 1970ல் டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்தார், அதையொட்டி வளர்ந்த டேட்டாபேஸ்கள் டேட்டாவின் விதிகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தன. என்னென்ன ஃபீல்ட் உண்டு, ஒவ்வொன்றும் என்ன வகை, எது காலியாக இருக்கக் கூடாது, எது இன்னொரு டேபிளில் இருப்பதைச் சுட்டியாக வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில். 2009ல் மாங்கோடிபி வெளிவந்தது, நோஎஸ்க்யூஎல் என்ற பெயர் பரவியதும் அதே ஆண்டில்தான். இந்த விதிகளின் தொகுப்பான ஸ்கீமாவை எழுதாமலே வேகமாக வேலை செய்யலாம் என்பது பலரையும் இழுத்தது. ஆனால் ஸ்கீமா எங்கேயும் போய்விடவில்லை, நிரலுக்குள் குடிபெயர்ந்துவிட்டது. ஓர் ஆர்டரில் என்னென்ன இருக்கும் என்ற விவரம் இப்போது ஒரு ஃபைலில் பாதி, இன்னொரு ஃபைலில் கால், யாரோ ஒருமுறை ஓட்டிவிட்டு மறந்துபோன ஸ்கிரிப்டில் மீதி என்று சிதறிக் கிடக்கிறது. முன்பு டேட்டாபேஸ் பார்த்துக்கொண்ட காவல் வேலையை இப்போது யாராவது பார்த்தாக வேண்டும். கோடைச் சோதிக்கும் கருவிகளின் முதல் கடமை அதுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எல்லா நோஎஸ்க்யூஎல்லும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கசாண்ட்ரா என்ற இன்னொரு நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு டேபிளின் நெடுவரிசைகளை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும், இல்லாத பெயரைச் சொன்னால் அது எர்ரர் கொடுக்கும். மாங்கோடிபியிலும் 3.2 பதிப்பில், எழுதும் டேட்டா விதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேஷன் வந்தது, 2017ல் வந்த 3.6 முதல் அதை ஜேசன் ஸ்கீமாவாகவே எழுதலாம். வசதி இருக்கிறது, ஆனால் அது தானாக வராது. டேபிளின் இடத்தில் மாங்கோடிபியில் இருப்பது கலெக்‌ஷன், அதாவது டாக்குமென்ட்களின் தொகுப்பு. ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் நாமே எழுதி வைக்க வேண்டும், வேகமாகக் கட்டி எழுப்பிய ப்ராஜெக்ட்களில் அதைப் பெரும்பாலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கருவிகள் ஏன் திணறுகின்றன

எஸ்க்யூஎல் கோடைச் சோதிக்கும் கருவிக்கு வேலை கொஞ்சம் சுலபம். குவெரி ஒரு ஸ்ட்ரிங்காக இருக்கிறது, அதைப் பிரித்துப் படிக்க இலக்கணம் இருக்கிறது, டேபிள் மாற்றங்களை எழுதி வைக்கும் மைக்ரேஷன் ஃபைல்களைப் பார்த்தால் டேபிள்களின் முழு வடிவமும் தெரிந்துவிடுகிறது. மாங்கோடிபி குவெரி அப்படி இல்லை, அது ஜாவாஸ்கிரிப்டில் ஓர் ஆப்ஜெக்ட், பைதானில் ஒரு டிக்‌ஷனரி. முதலில் காலியாக உருவாகும், நான்கு வரி தள்ளி ஓர் இஃப் கண்டிஷனுக்குள் ஒரு ஃபீல்ட் சேரும், பிறகு வேறொரு ஃபங்க்‌ஷனுக்குப் போய் இன்னும் இரண்டு சேர்ந்து திரும்பி வரும், கடைசியில் டேட்டாபேஸுக்குப் போகும்போது அதன் வடிவம் என்ன என்பது எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு வரியை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லை பெயர்கள். ஃபைண்ட் என்று ஒரு ஃபங்க்‌ஷனைக் கூப்பிடுவதைப் பார்த்ததும் இது டேட்டாபேஸ் குவெரி என்று முடிவு செய்ய முடியாது, ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண அரேக்கும் ஃபைண்ட் உண்டு. வெறும் எழுத்துப் பொருத்தம் பார்க்கிற ரூல் எழுதினால் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பொய் எச்சரிக்கைகள் குவியும், இரண்டாம் நாள் டீமில் யாரும் அந்த ரிப்போர்ட்டைத் திறக்கவே மாட்டார்கள். அந்த வேரியபிள் எங்கிருந்து வந்தது, அது டிரைவர், அதாவது நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி, கொடுத்த கலெக்‌ஷனா என்பதைப் பின்தொடர்ந்து பார்க்கும் கருவிதான் வேண்டும். நிரலை இலக்கண மரமாகப் பிரித்து, மதிப்புகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று தொடரும் டேட்டாஃப்ளோ அலசல் செய்கிற கோட்க்யூஎல் மாதிரியான கருவிகள் இதற்கு உதவும். செம்கிரெப் என்ற கோட் தேடும் கருவியில் ரூல் எழுதுவது அதைவிட எளிது, நம் ப்ராஜெக்டுக்கே உரிய பழக்கங்களைப் பிடிக்க அது போதும், ஆனால் பல ஃபைல்கள் தாண்டி ஓடும் விஷயங்களில் எளிய ரூல்கள் சீக்கிரம் களைத்துவிடும்.

அப்புறம் இண்டெக்ஸ், அதாவது முழு டேட்டாவையும் புரட்டாமல் தேடியதைச் சீக்கிரம் எடுக்க உதவும் அட்டவணை. அது நிரலுக்குள் இருக்கலாம், டிப்ளாய் ஸ்கிரிப்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் ஓர் அவசர இரவில் யாரோ புரொடக்‌ஷன் ஷெல்லில் கையால் உருவாக்கியதாக இருக்கலாம். கோடை மட்டும் படிக்கும் எந்தக் கருவிக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. ஆகவே இந்த வேலையில் கோடு, ஓடும்போது வரும் தடயங்கள், டேட்டாபேஸில் உண்மையில் கிடக்கும் டேட்டா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டாலும் பாதிப் படம்தான்.

சிதறிய ஸ்கீமாவைத் திரட்டுவது

நான் ஒரு டீமுக்கு ஒரே ஒரு சோதனையைச் சிபாரிசு செய்யலாம் என்றால் இதைச் சொல்வேன். கோடு முழுவதையும் வாசித்து, ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் இரண்டு தொகுப்புகள் எடுக்க வேண்டும்: எந்தெந்த ஃபீல்டுகளில் எழுதுகிறோம், எந்தெந்த ஃபீல்டுகளைப் படிக்கிறோம் அல்லது தேடுகிறோம். இரண்டையும் ஒப்பிட்டால் போதும், பல விஷயங்கள் தானாக மேலே வரும். படிக்கிறோம், ஆனால் எங்குமே எழுதவில்லை என்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது பெயர் மாற்றியபோது விட்டுப்போன இடம். எழுதுகிறோம், ஆனால் யாரும் படிப்பதில்லை என்றால் செத்த ஃபீல்ட், இல்லாவிட்டால் அதே எழுத்துப்பிழையின் மறுபக்கம். ஒரே ஃபீல்டை ஓரிடத்தில் எண்ணாகவும் இன்னோர் இடத்தில் ஸ்ட்ரிங்காகவும் எழுதினால் அது நிச்சயம் ஒருநாள் கடிக்கும், ஏனென்றால் மாங்கோடிபிக்கு 123 என்ற எண்ணும் 123 என்று ஸ்ட்ரிங்காக எழுதியதும் வேறு வேறு, ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது. யூஆர்எல்லில் இருந்து வருகிற ஐடி எப்போதும் ஸ்ட்ரிங், டேட்டாபேஸில் கிடப்பது எண் அல்லது ஆப்ஜெக்ட்ஐடி என்ற தனி வகை. மாற்றாமல் அப்படியே தேடினால் ரெக்கார்ட் இல்லை என்ற பதில்தான் வரும். இந்தத் தப்பு எல்லா ப்ராஜெக்டிலும் ஒரு மூலையில் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

கோடு சொல்வதும் டேட்டா சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பது அடுத்த கேள்வி. கலெக்‌ஷனில் இருந்து சில ஆயிரம் டாக்குமென்ட்களை சாம்பிளாக எடுத்து, ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனை டாக்குமென்டில் இருக்கிறது, என்னென்ன வகையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம், அதற்கான அக்ரிகேஷன் வசதிகள் மாங்கோடிபியிலேயே உண்டு. டைப்ஸ்கிரிப்டில் இந்த கலெக்‌ஷனில் இருப்பது எல்லாம் ஆர்டர் வகை என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நிறைய பேர் நம்புகிறார்கள். அது நாம் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்குறுதி மட்டும், டேட்டாபேஸில் இருந்து வருவது அந்த வடிவில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய டாக்குமென்டில் அந்த ஃபீல்டே இருக்காது. அதனால்தான் பழைய கோடில் இந்த ஃபீல்ட் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்ற கண்டிஷன்கள் பத்து ஃபைல்களில் பரவிக் கிடக்கும். அப்படிப் பரவிய கண்டிஷன்களே நல்ல அடையாளம். டேட்டாவை ஒருமுறை முறையாக மைக்ரேட் செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டாக்குமென்டில் ஒரு ஸ்கீமா வெர்ஷன் எண் வைத்து, பழையதைப் புதிதாக்கும் வேலையை ஒரே ஃபங்க்‌ஷனில் வைத்தால் இந்தக் கண்டிஷன்கள் அங்கே ஒடுங்கிவிடும்.

நல், அதாவது மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி, அதைப் பற்றியும் ஒன்று. மாங்கோடிபியில் ஒரு ஃபீல்டின் மதிப்பு நல் என்று இருக்கிற டாக்குமென்ட்களைத் தேடினால், அந்த ஃபீல்டே இல்லாத டாக்குமென்ட்களும் சேர்ந்து வரும். கேன்சல் ஆன தேதி நல் என்று தேடி இன்னும் கேன்சல் ஆகாத ஆர்டர்களை எடுக்கும் கோடு அதனால்தான் வேலை செய்கிறது, ஆனால் அந்த ஃபீல்டின் பெயரை யாராவது மாற்றிவிட்டால் எல்லா ஆர்டரும் கேன்சல் ஆகாதவை என்று வந்து நிற்கும். ஒரு வரியிலும் எர்ரர் இருக்காது.

எல்லாவற்றையும் அழிக்கிற ஃபில்டர்

மேலே சொன்னவை தப்பான பதில் தருபவை. இது டேட்டாவையே கொண்டுபோய்விடும்.

மாங்கோடிபியின் நோட்ஜேஎஸ் டிரைவரில் இக்னோர் அன்டிஃபைன்ட் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதை ஆன் செய்தால் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே தரப்படாத, ஃபீல்டுகள் குவெரியில் இருந்தே நீங்கிவிடும். பயனரின் ஐடியை வைத்து அவருடைய செஷன்களை அழிக்கும் ஒரு டெலீட்மெனி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ காரணத்தால் ஐடி அன்டிஃபைன்ட் ஆக வருகிறது. எதை அழிக்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் இருந்த ஒரே ஃபீல்ட் காணாமல் போகிறது, மிச்சம் காலி ஃபில்டர், காலி ஃபில்டருக்கு எல்லா டாக்குமென்டும் பொருந்தும். கலெக்‌ஷன் மொத்தமும் காலி.

மாங்கோடிபிக்கு மேல் ஸ்கீமா சேர்க்கும் மங்கூஸ் லைப்ரரியில் இதற்கு ஒரு உறவுக்காரன் இருக்கிறான். ஸ்ட்ரிக்ட்குவெரி என்ற ஆப்ஷன் ஆன் ஆகியிருந்தால், ஸ்கீமாவில் இல்லாத ஃபீல்டுகளை ஃபில்டரில் இருந்து அது சத்தமில்லாமல் எடுத்துவிடும். ஆக, ஃபீல்ட் பெயரில் எழுத்துப்பிழை என்றால் இங்கே காலியான பதில் வராது, எல்லா டாக்குமென்டும் வரும். 6ஆம் பதிப்பில் இது இயல்பாகவே ஆன், 7ஆம் பதிப்பில் இயல்பாக ஆஃப். அதாவது ஒரே கோடு, லைப்ரரியின் பதிப்பைப் பொறுத்து ஒன்றையும் அழிக்காமல் இருக்கும் அல்லது எல்லாவற்றையும் அழிக்கும். இதனால்தான் சோதிக்கும் கருவி பேக்கேஜ் ஃபைலில் இருக்கும் பதிப்பு எண்ணையும் கனெக்‌ஷன் ஆப்ஷன்களையும் படித்தே ஆக வேண்டும் என்று சொல்கிறேன், ஒரு வரி ஆபத்தானதா இல்லையா என்பது அந்த வரியில் எழுதியிருக்காது.

இதற்கான ரூல் கடுமையாகவே இருக்கட்டும்: பல டாக்குமென்ட்களை ஒரே அடியாக அழிக்கும் அல்லது மாற்றும் எந்த வரியிலும், ஃபில்டரில் போகும் மதிப்பு அன்டிஃபைன்ட் ஆக வாய்ப்பே இல்லை என்று அந்த ஃபங்க்‌ஷனுக்குள்ளேயே சோதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில்ட் நிற்க வேண்டும். பொய் எச்சரிக்கை வந்தால் வரட்டும். ஓர் இஃப் கண்டிஷன் கூடுதலாக எழுதுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வெளியில் இருந்து வருகிற ஆபரேட்டர்

எஸ்க்யூஎல் இல்லை, ஆகவே வெளியில் இருந்து வருவது குவெரியையே மாற்றிவிடும் இன்ஜெக்‌ஷன் இல்லை என்ற நம்பிக்கை இன்னும் நிலவுகிறது. தப்பு. ஸ்ட்ரிங் ஒட்டி குவெரி கட்டுவது இல்லைதான், ஆனால் ரெக்வெஸ்ட் பாடியில் வரும் ஜேசன் அப்படியே ஆப்ஜெக்ட் ஆகிறது. டோக்கன் என்ற இடத்தில் ஒரு ஸ்ட்ரிங் வரும் என்று நாம் எதிர்பார்க்க, தாக்குபவர் அங்கே ஓர் ஆப்ஜெக்டை அனுப்புகிறார், அதற்குள் சமமில்லை என்று பொருள்படும், டாலர் குறி போட்ட நாட்ஈக்வல் ஆபரேட்டரும் நல் மதிப்பும். நல் அல்லாத எந்த டோக்கனும் இதற்குப் பொருந்தும்.

லாகின் பக்கத்தை வைத்துத்தான் இதை எல்லோரும் விளக்குகிறார்கள். பாஸ்வேர்டை ஹாஷ் செய்து நிரலுக்குள் ஒப்பிடும் இடங்களில் அந்தத் தாக்குதல் பலிக்காது, அதனால் நமக்கு ஆபத்தில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்ட் ரீசெட் டோக்கனைத் தேடும் குவெரியைப் போய்ப் பாருங்கள். அது பெரும்பாலும் நேரடியாக டோக்கன் மதிப்பை வைத்தே தேடும், அங்கே நாட்ஈக்வல் நல் என்று அனுப்பினால் ரீசெட் கேட்டுக் காத்திருக்கும் யாரோ ஒருவரின் கணக்கு கைக்கு வந்துவிடும். மங்கூஸ் ஸ்கீமாவில் ஸ்ட்ரிங் என்று எழுதியிருப்பதும் காப்பாற்றாது, நாட்ஈக்வல் என்பது ஸ்ட்ரிங் ஃபீல்டுக்கும் முறையான குவெரிதானே. 6ஆம் பதிப்பில் இருந்து சானிட்டைஸ்ஃபில்டர் என்ற ஆப்ஷன் வந்திருக்கிறது, அதை ஆன் செய்யலாம். அதைவிட நல்லது, உள்ளே வருவது ஸ்ட்ரிங்தானா என்று வாசலிலேயே சோதிப்பது. கண்டுபிடிக்கும் பக்கம் இது பழகிய வேலை: ரெக்வெஸ்டில் இருந்து புறப்பட்ட மதிப்பு, வகைச் சோதனை எதையும் கடக்காமல் ஃபில்டருக்குள் போய்ச் சேருகிறதா என்று டேட்டாஃப்ளோவைத் தொடர்வது. கருவிகள் இதில் நன்றாகவே தேர்ந்திருக்கின்றன. டாலர் வேர் ஆபரேட்டரில் பயனர் கொடுத்த ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஜாவாஸ்கிரிப்டாக ஓட்டும் கோடு எங்காவது இருந்தால், சோதனையே வேண்டாம், அதை நீக்கிவிடுங்கள்.

டேட்டா சின்னதாக இருக்கும்வரை தெரியாதவை

லிமிட் இல்லாத குவெரி, லூப்புக்குள் ஒவ்வொரு ஐடிக்கும் தனித்தனி குவெரி, பக்கம் பக்கமாகக் காட்ட ஸ்கிப்பைப் பயன்படுத்துவது, தொடக்கத்தில் இருந்து பொருத்தச் சொல்லாத ரெஜெக்ஸ் (எழுத்து வடிவம் பார்க்கும்) தேடல், ரெக்வெஸ்ட் வரும்போதெல்லாம் புது கனெக்‌ஷன் கிளையன்ட் உருவாக்குவது. இவை எல்லோரும் அறிந்தவை, கோடை மட்டும் படித்தே பிடிக்கக்கூடியவை, ஆகவே நீட்டவில்லை. ஸ்கிப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஒரு லட்சத்தை ஸ்கிப் செய்தால் அந்த ஒரு லட்சத்தையும் டேட்டாபேஸ் கடந்துதான் போகும், கடைசியாகப் பார்த்த மதிப்புக்கு அடுத்ததில் இருந்து தேடுவது எப்போதுமே மேல்.

இண்டெக்ஸ் இல்லாத குவெரிகளைப் பிடிக்க நேரத்தை அளப்பதில் பலன் குறைவு. குவெரிகளின் நேரத்தைப் பதியும் மாங்கோடிபி ப்ரொஃபைலர் இயல்பாக 100 மில்லிசெகண்டுக்கு மேல் போனதைத்தான் மெதுவானது என்று குறிக்கும், டெஸ்டில் ஐந்நூறு டாக்குமென்ட் மட்டும் இருந்தால் எல்லாமே இரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கொடுக்கும் விவரத்தில் எத்தனை டாக்குமென்ட் பார்த்தது, எத்தனை திருப்பித் தந்தது என்ற இரண்டு எண்களின் விகிதத்தைப் பாருங்கள். ஐந்நூறைப் பார்த்து மூன்றைத் தந்தால், நாளை ஐம்பது லட்சத்தைப் பார்த்து மூன்றைத் தரும். இதைவிட நேரடியான வழி ஒன்று உண்டு, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. நோடேபிள்ஸ்கேன் என்ற சர்வர் பாராமீட்டரை டெஸ்ட் சர்வரில் மட்டும் ஆன் செய்துவிடுங்கள், புரொடக்‌ஷனில் வேண்டாம். முழு கலெக்‌ஷனையும் ஸ்கேன் செய்ய வேண்டிய குவெரி எதுவும் ஓடாமல் எர்ரர் ஆகும். வாய் திறக்காத டேட்டாபேஸை டெஸ்டிலாவது பேச வைத்துவிடுகிறோம்.

வளர்ந்துகொண்டே போகும் அரே வேறு வகை. ஒரு டாக்குமென்டுக்கு 16 எம்பிதான் உச்சம். பதிவின் டாக்குமென்டுக்குள்ளேயே கமென்ட்களை புஷ் செய்துகொண்டே போனால் முதலில் மெதுவாகும், ஒருநாள் எழுதவே முடியாமல் நிற்கும், அதுவும் மிகவும் பிரபலமான பதிவில்தான் முதலில் நடக்கும். புஷ் இருக்கிறது, அரேயின் நீளத்தை வெட்டி நிறுத்தும் ஸ்லைஸ் இல்லை, அந்த அரேயில் இருந்து எதையும் நீக்கும் கோடும் எங்கும் இல்லை என்பதைக் கருவி எளிதில் சொல்லிவிடும். ஆனால் ஒருவரின் முகவரிகள் என்ற அரேயும் அதே வடிவில்தான் இருக்கும், அது ஒருபோதும் பெரிதாகாது. இங்கே கருவி கேள்வி மட்டும் கேட்கட்டும், பதில் அந்த டேட்டாவை அறிந்த மனிதரிடம் இருந்து வரட்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதும்போது உடைவதும் டெஸ்டில் தெரியாது. டாக்குமென்டைப் படித்து, நிரலுக்குள் இருப்பு எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, முழு டாக்குமென்டையும் திரும்ப எழுதும் கோடு. இரண்டு ரெக்வெஸ்ட் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் ஒரே எண்ணைப் படிக்கும், ஒன்றின் மாற்றம் காணாமல் போகும். மாங்கோடிபியில் 2018ல் வந்த 4.0 முதல் பல டாக்குமென்ட் டிரான்ஸாக்‌ஷன் உண்டு, இதற்கு அது கூட வேண்டாம், எண்ணைக் கூட்டிக் குறைக்கும் இன்க் ஆபரேட்டரோடு இருப்பு பூஜ்ஜியத்துக்கு மேல் என்ற கண்டிஷனை ஃபில்டரில் சேர்த்தால் போதும். படித்த மதிப்பு கணக்குக்குள்ளாகி, அதே ஐடிக்குத் திரும்ப எழுதப்படுகிறதா என்று தொடர்வதுதான் கண்டுபிடிக்கும் முறை. கீயும் மதிப்புமாக டேட்டாவை வைக்கும் ரெடிஸிலும் இதே குடும்பம்தான். ஒரு பயனர் எத்தனை முறை கேட்கலாம் என்று எண்ணும் கோடில், எண்ணிக்கையைக் கூட்டும் இன்க்ர் ஒரு வரி, காலாவதி நேரம் வைக்கும் எக்ஸ்பயர் அடுத்த வரி, இரண்டுக்கும் நடுவில் புரோசஸ் செத்தால் அந்தக் கீ காலாவதியே ஆகாமல் கிடந்து ஒரு பயனரை நிரந்தரமாகத் தடுத்துவைக்கும். ஏற்கெனவே காலாவதி வைத்த கீயின் மேல் வெறும் செட் செய்தால் அந்தக் காலாவதி நேரம் அழிந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாத ஒன்று, 6.0 முதல் கீப்டிடிஎல் என்று சேர்த்து அதைக் காக்கலாம்.

வெற்றி என்று வரும் பாதிப் பதில்கள்

அமேசானின் நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸான டைனமோடிபியில், டேபிளை வரிசையாகப் படிக்கும் ஸ்கேன் ஒரு முறைக்கு அதிகபட்சம் 1 எம்பி டேட்டாவைத்தான் படிக்கும், ஃபில்டர் வேலை செய்வது படித்து முடித்த பிறகு. ஆகவே முதல் 1 எம்பியில் பொருத்தமானது ஒன்றுமே இல்லாவிட்டால் பூஜ்ஜியம் ஐட்டங்கள் வரும், கூடவே லாஸ்ட்இவாலுவேட்டட்கீ என்ற குறிப்பு வரும், இன்னும் இருக்கிறது, தொடர்ந்து கேள் என்று. அந்தக் குறிப்பைப் பார்க்காத நிரல் அப்படி ஒரு ரெக்கார்டே இல்லை என்று முடிவு கட்டிவிடும். படித்த அத்தனைக்கும் கட்டணம் வேறு. பலவற்றை ஒன்றாக எழுதும் பேட்ச்ரைட்டும் அப்படித்தான், ஒரே முறை 25 ஐட்டம்வரை அனுப்பலாம், சிலவற்றை எழுத முடியாமல் போனால் அவற்றை அன்ப்ராசஸ்ட்ஐட்டம்ஸ் என்ற பட்டியலில் திருப்பித் தந்துவிட்டு அழைப்பு வெற்றி என்றே முடியும். இந்த இரண்டையும் பிடிக்கும் ரூல் எழுதுவது சுலபம்: அழைப்பு இருக்கிறது, பதிலில் அந்த ஃபீல்டை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். எழுதும் சிரமத்துக்கும் கிடைக்கும் பலனுக்கும் இதைவிட நல்ல ரூல் நான் பார்த்ததில்லை. மாங்கோடிபியில் அப்டேட்டுக்கு எத்தனை டாக்குமென்ட் பொருந்தியது என்று சொல்லும் மேட்ச்ட்கவுண்டைப் பார்க்காமல் விடுவதும் இதே ரகம்.

கசாண்ட்ராவின் குணம் நேர்மாறு, அது எச்சரிக்கிறது, நாம்தான் அதன் வாயை அடைக்கிறோம். டேட்டா எந்தச் சர்வரில் கிடக்கிறது என்று தீர்மானிக்கும் பார்ட்டிஷன் கீ இல்லாமல் தேடினால் அது மறுக்கும், அலவ் ஃபில்டரிங் என்று சேர்த்தால் ஓடும், சேர்த்துவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களை கோடில் தேடினாலே பாதி வேலை முடிந்தது, பார்ட்டிஷன் கீயும் கூடவே இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. அழிப்பதில்தான் உண்மையான சிக்கல்: அழித்த ஒவ்வொன்றுக்கும் அது டூம்ப்ஸ்டோன் என்ற குறியை எழுதி இயல்பாக 10 நாள் வைத்திருக்கும், ஒரு குவெரி 1,000 டூம்ப்ஸ்டோனைத் தாண்டினால் எச்சரிக்கும், 100,000ஐத் தாண்டினால் குவெரியையே நிறுத்திவிடும். டேபிளை க்யூ மாதிரி பயன்படுத்தி எழுதி, படித்து, அழித்துக்கொண்டே இருக்கும் நிரல் அங்கே போய்த்தான் முட்டும். ஆப்ஜெக்டை அப்படியே டேபிளில் போடும் மேப்பர்கள் மதிப்பில்லாத ஃபீல்டுகளுக்கு நல் எழுதும்போதும் டூம்ப்ஸ்டோன் உருவாகிறது, ஒன்றையுமே அழிக்காத நிரலில் இத்தனை டூம்ப்ஸ்டோன் எப்படி வந்தது என்று குழம்புபவர்கள் இங்கே தேட வேண்டும்.

எச்சரிக்கைகளை வாழவைப்பது

பழைய ப்ராஜெக்டில் முதல் முறை இந்தச் சோதனைகளை ஓட்டினால் வரும் பட்டியல் மலைக்க வைக்கும். அதை முழுக்கத் திருத்த உட்காராதீர்கள். இன்றைய நிலையை அடிப்படையாகச் சேமித்துவிட்டு, புதிதாக வரும் கோடில் மட்டும் பில்டை நிறுத்துங்கள். பழையதில் டேட்டாவை அழிக்கக்கூடியவையும் இன்ஜெக்‌ஷனும் மட்டும் உடனே, மற்றவை எந்த கலெக்‌ஷன் வேகமாக வளர்கிறதோ அந்த வரிசையில்.

விதிவிலக்குகள் நிச்சயம் வரும். ரெடிஸில் கீஸ் கமாண்ட் எல்லாக் கீகளையும் பார்த்து முடிக்கும்வரை மற்ற எல்லோரையும் காக்க வைக்கும், அதற்கு 2.8 முதலே ஸ்கேன் இருக்கிறது, ஆனால் தன் கணினியில் மட்டும் ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் கீஸ் இருந்தால் அதை விரட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்கையை நிறுத்தும் கமென்ட் எழுதலாம், காரணத்தோடு. காரணம் என்றால் பரவாயில்லை என்று எழுதுவது இல்லை. இந்த கலெக்‌ஷனில் 200 டாக்குமென்டுக்கு மேல் வராது, அதனால் இண்டெக்ஸ் வேண்டாம் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள், அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட வடிவில். தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட் அந்த கமென்ட்களைத் திரட்டி, கலெக்‌ஷன்களின் உண்மையான அளவோடு ஒப்பிடும். 200ஐத் தாண்டிய அன்றே எச்சரிக்கை மறுபடி உயிர்பெறும், அதை எழுதியவர் அதற்குள் வேறு டீமுக்குப் போயிருந்தாலும்.